அப்பாவின் புல்லட்டும் நீங்கள் சொல்லாததும்

மாமா,

இன்று காலை சங்கிலியை இறுக்குவதற்காகப் பின்சக்கரத்து நட்டைக் கழற்றப் பார்த்தேன். மழையில் நனைந்து நனைந்து பிடித்துக்கொண்ட நட்டு. அசையவே இல்லை. ஸ்பேனரின் முனையில் இரண்டு கைகளையும் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். அப்போது என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. “யேசுவே!”

நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் முருகன் படம்தான் இருக்கிறது. அது உங்கள் வார்த்தை. போல்ட் துருப்பிடித்து நின்றாலும், விரல் நசுங்கினாலும், தேடிய ஸ்குரூ டிரைவர் காலடியிலேயே கிடந்தாலும் உங்களுக்கு அந்த ஒரே வார்த்தைதான். கூட இருந்த வருஷங்களில் அது எப்போது என் நாக்கில் ஏறியது என்று தெரியவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தேன். கையைக் கழுவினேன். கொட்டகையில் இருக்கப் பிடிக்கவில்லை. உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் இறந்து நான்கு மாதம் ஆகப்போகிறது. உங்களுக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

உறவு இல்லாமலே அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவர் நீங்கள். அப்பா இறந்த அடுத்த மாதம் நீங்கள் வந்தது நினைவிருக்கிறது. மாயாபந்தரில் அன்று நல்ல வெயில். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடந்த புல்லட்டை நான் வெளியே இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். டயர் இரண்டும் மண்ணோடு ஒட்டிப்போயிருந்தன. சைலன்சரில் கை போகும் அளவுக்கு ஓட்டை. டேங்க்கின் பச்சை நிறம் துருவுக்கு அடியில் எங்கோ இருந்தது. கடல் காற்று இருபத்தெட்டு வருஷமாக அதைத் தின்றிருந்தது.

“இத யாருக்குக் குடுக்கப் போற, செல்வி?”

“பழைய இரும்புக்காரருக்கு மாமா. நாளைக்கு வண்டி கொண்டுட்டு வர்றேன்னுருக்கார்.”

“அண்ணன் வண்டியப் பேரீச்சம்பழத்துக்கா போடப் போற?”

“வேற என்ன பண்றது? இதப் பார்த்தாலே எனக்கு எரியுது.”

நீங்கள் குனிந்து, கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தீர்கள். இறங்கவில்லை. பிறகு நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “சலேகா. இது ஓடும். ஓட வெப்போம்” என்றீர்கள்.

“யாரு ஓட்டுறது?”

“நீதான்.”

நான் சிரித்தேன். எனக்கு நாற்பத்து நான்கு வயது. படகுத்துறை ஜெட்டியில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து, அந்தமானில் தீவுக்குத் தீவு போகிறவர்களுக்குச் சீட்டுக் கிழிக்கிறவள். ஸ்கூட்டியைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஆனால் நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாள் இரும்புக்காரர் வந்தபோது அவரை நீங்களே திருப்பி அனுப்பினீர்கள்.

என்னை ஏன் எரித்தது அந்த வண்டி என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் என் வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, ஒரு மழை நாள் சாயங்காலம், ரங்கத் சாலையில் ஒரு வளைவில், நடந்துபோன, நித்தாய் தாதா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு வங்காளி விவசாயியை அந்தப் புல்லட் அடித்தது. அடித்தவர் அவரை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்த லாரிக்காரர்கள்தான் தூக்கிப்போனார்கள். அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. வண்டி நம்பரை யாரோ பார்த்திருந்தார்கள். அன்று ராத்திரியே அப்பா போலீஸுக்குப் போய், “நான்தான் ஓட்டினேன்” என்று ஒப்புக்கொண்டார். ஆறு மாதம் உள்ளே இருந்தார். மர டிப்போவில் இருந்த அரசு வேலை போயிற்று. திரும்பி வந்து, பஜாரில் காய்கறி விற்றுத்தான் எங்களை வளர்த்தார்.

வேலை போனது எனக்குப் பெரிதாக இல்லை. ஒரு மனிதரை ரத்தத்தோடு ரோட்டில் விட்டுவிட்டு எப்படி வர முடிந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வங்காளிப் பிள்ளைகள் என் பெஞ்சில் உட்காரவில்லை. ‘அடிச்சிட்டு ஓடினவர் மகள்’ என்பது எனக்குப் பெயராயிற்று. அப்பா ஜெயிலிலிருந்து வந்த அன்று நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அந்த ஆளத் தூக்கணும்னு கூடவா தோணல?” அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அன்றிலிருந்து நான் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. அம்மா போன பிறகும் ஒரே வீட்டில் இருந்தோம். சோறு போட்டேன், மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், கடைசியில் படுக்கையில் கிடந்தபோது எல்லாம் செய்தேன். ஆனால் கூப்பிடவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் அப்பா பெயரைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனபோது அவர் முகத்தை நான் பார்க்கவும் இல்லை.

இதெல்லாம் தெரிந்த நீங்கள்தான் வந்து வண்டியைப் பிரிக்க உட்கார்ந்தீர்கள்.

ஜெட்டியில் போட் இன்ஜின் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர் நீங்கள். பெரிய பெரிய டீசல் இன்ஜின்களைப் பிரித்துப் போட்ட கை. அந்தக் கையை அதிகம் நீட்டாமல், என்னைத்தான் செய்ய வைத்தீர்கள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும், சட்டையை மாற்றிக்கொண்டு நேரே கொட்டகைக்கு வருவீர்கள். முதல் நாளே நசுங்கிய ஹெட்லைட்டை நீங்களே கழற்றி, “இது தேறாது, வேற வாங்கிக்கலாம்” என்று பைக்குள் போட்டுக்கொண்டு போனீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை.

பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப்போயிருந்தது. கெரோசினும் எண்ணெயும் கலந்து மேலே ஊற்றி வைத்தோம். நான் தினமும் ஆபீஸ் விட்டு வந்து கிக்கரை மிதித்துப் பார்ப்பேன். “அவசரப்பட்டா ஒடையும். ஊறட்டும்” என்பீர்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு மரக்கட்டையை வைத்து என்னையே தட்டச் சொன்னீர்கள். மூன்றாவது தட்டில் அது நூல் அளவு இறங்கியது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா ஓடி வந்தாள். நீங்கள் இரண்டு கைகளையும் தட்டிச் சிரித்தீர்கள்.

ஒருமுறை நான் ஒரு போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கி, தலையை உடைத்துவிட்டேன். பாதி உள்ளேயே நின்றுவிட்டது. அழுகை வந்துவிட்டது எனக்கு. அதைத் துளை போட்டு எடுக்க இரண்டு ஞாயிறுகள் உங்களுக்குப் போயின. ஒரு வார்த்தை திட்டவில்லை. “கைக்கு முன்னால காது போகணும், செல்வி. உடையறதுக்கு முந்தி அது ஒரு சத்தம் குடுத்துருக்கும். நீ கேக்கல” என்றீர்கள், அவ்வளவுதான். சிலிண்டரைக் கடைந்து போர் பண்ண போர்ட் பிளேருக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். காட்டு வழியில் வண்டிகளைச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்காகக் காத்திருந்த நேரத்தில் அதை ஒரு குழந்தை என்று நினைத்து எதிர் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததும், நீங்கள் துணியை விலக்கிக் காட்டி, “இரும்புப் பிள்ளை” என்றதும், பஸ்ஸே சிரித்ததும் எனக்கு மறக்கவில்லை. நாற்பத்து நான்கு வயதுக்கு மேல்தான் நான் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒரு தகப்பனோடு இருப்பது இப்படித்தான் இருக்கும்போல என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அப்படி நினைத்த ஒரு ஞாயிறுதான் அதை உங்களிடம் சொன்னேன்.

வேலை ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்களுக்குப் புது ஸ்போக் போட்டாயிற்று. நீங்கள் கீழே சாக்கில் உட்கார்ந்து கிளட்ச் பிளேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

“மாமா, இது ஓட ஆரம்பிச்சதும் மொதல்ல எங்க போகப்போறேன் தெரியுமா?”

“எங்க?”

“ரங்கத் பக்கம். அந்த நித்தாய் தாதாவத் தேடிப் போகப்போறேன். காலப் போக்கடிச்ச வண்டியிலேயே போயி அவர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும். இவரு கேக்கல. நானாவது கேக்கணும்ல?”

நீங்கள் கையில் இருந்த பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“என்னால அவர மன்னிக்கவே முடியல மாமா. செத்த பெறகும் முடியல. அடிபட்டவரத் தூக்காம வந்த மனுஷன எப்படி அப்பான்னு கூப்பிடுறது?”

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். நான் பார்த்தேன். ஏதோ சொல்லப்போகிறீர்கள் என்று காத்திருந்தேன். “அந்த உப்புத்தாள எடு” என்றீர்கள். எடுத்துக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறுக்குப் பிறகுதான் உங்கள் கை மெதுவானது. அப்போது எனக்கு அது புரியவில்லை. ஒரு வாரம் கால் வலி என்றீர்கள். ஒரு வாரம் பேரன் வந்திருக்கிறான் என்றீர்கள். வயரிங் முழுவதையும் போட்டு முடித்த பிறகு, “சரியில்ல” என்று திரும்பப் பிரித்தீர்கள். கடைசியில் கார்புரேட்டர் ஒன்றுதான் பாக்கி. “மெட்ராஸ்ல சொல்லியிருக்கேன். இந்த மாடலுக்குக் கெடைக்கலையாம். அடுத்த கப்பல்ல வரும்” என்றீர்கள். அடுத்த கப்பல் வந்தது. அதற்கடுத்த கப்பலும் வந்தது. இப்படியே ஒன்றரை வருஷத்துக்கு மேல் போயிற்று. மெயின்லேண்டிலிருந்து எதுவும் நேரத்துக்கு வராது என்று இங்கே பிறந்தவளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? நம்பினேன்.

பிறகு உங்களுக்கு வயிற்றில் வலி வந்தது. நீங்கள் ஸ்கேன் எடுக்கப் போர்ட் பிளேர் போய், அங்கேயே மகன் வீட்டில் சில வாரம் தங்கினீர்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல், பழைய பில்லில் இருந்த மெட்ராஸ் கடை நம்பருக்கு நானே போன் செய்தேன்.

“கார்புரேட்டரா? இருக்கே மேடம்” என்றார் கடைக்காரர்.

“எங்க மாமா ஒன்றரை வருஷமா உங்ககிட்ட கேட்டுட்டிருக்காரே?”

“அந்தமான்லேர்ந்தா? அவர் பேசி ரெண்டு வருஷம் இருக்குமே. இதக் கேக்கவே இல்லையே.”

வயதாகிவிட்டது, மறந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். பார்சல் இருபது நாளில் வந்தது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி நானே மாட்டினேன். ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, அழுத்தம் விடும் லிவரைப் பிடித்து, விட்டு, மிதித்தேன். பத்து மிதி, இருபது மிதி. சட்டை நனைந்துவிட்டது. இருபத்து மூன்றாவது மிதியில் அது இருமியது. அடுத்த மிதியில் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் முழுவதும் அதிர்ந்தது. உடனே உங்களுக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் போனை சைலன்சர் பக்கத்தில் பிடித்தேன். “கேக்குதா மாமா?” என்று கத்தினேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. “கேக்குது” என்றீர்கள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு அர்த்தம் செய்துகொண்டேன்.

ஒரு மாதம் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகினேன். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை நித்தாய் தாதாவைத் தேடிப் போனேன்.

அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பாக்குத் தோட்டத்துக்கு நடுவில் தகரக் கூரை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், அதைப் பார்த்ததும் உரிப்பதை நிறுத்திவிட்டார். நான் இறங்கி, அவர் முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், நான் யார் மகள் என்று சொன்னேன். என் அப்பா செய்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

“தேரா பாப்?” என்றார். உன் அப்பாவா? பிறகு தலையை ஆட்டினார். “நஹி பேட்டி.” இல்லை மகளே. “உன் அப்பா இல்லை.”

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அடித்தவன் வண்டியைவிட்டு இறங்கி வந்தானாம். தன்னைத் தூக்கப் பார்த்தானாம். ரத்தத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டானாம். “யேசுவே, யேசுவே என்றே கத்திக்கொண்டிருந்தான். பிறகு ஓடிவிட்டான். உன் அப்பா யேசு என்று சொல்கிற ஆளா?”

போலீஸிடமும் அதைச் சொன்னாராம். அவர்கள், குற்றவாளி ஒப்புக்கொண்டாயிற்று, உனக்கு வலியில் காது சரியாகக் கேட்டிருக்காது என்றார்களாம். பிறகு அப்பாவே ஆஸ்பத்திரிக்கு வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, ‘இதை இத்தோடு விடு’ என்றாராம்.

“அந்த ஆள் யாரென்று எனக்குப் பிறகு தெரிந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு மூட்டை அரிசியோடு வருவான். உட்கார மாட்டான். இந்த வருஷம்தான் வரவில்லை. அவனுக்கு உடம்பு சரியில்லையா?”

மாமா, எனக்கு அந்தத் தோட்டத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அவர் மருமகள் தண்ணீர் கொடுத்தாள். திரும்பும்போது அந்த வளைவில் வண்டியை நிறுத்தினேன். அங்கே ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீர் ஓடும் கால்வாய், ஒரு மைல்கல், அவ்வளவுதான். அவரை அடித்து நசுங்கிய ஹெட்லைட்டைக் கண்ணில் படாமல் நீங்கள் முதல் நாளே ஏன் எடுத்துப் போனீர்கள் என்பதும், கார்புரேட்டர் ஏன் வரவில்லை என்பதும் எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது. நான் நித்தாய் தாதாவிடம் போய்விடக் கூடாது என்று வண்டியை ஓடவிடாமல் வைத்திருந்தீர்கள். அதையும் என் கூடவே உட்கார்ந்து, என் கையைக்கொண்டே செய்தீர்கள்.

நீங்கள் போர்ட் பிளேரிலிருந்து வந்துவிட்டீர்கள் என்று தெரிந்த வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தீர்கள். பாதி உடம்பாகிப்போயிருந்தீர்கள். அத்தை டீ போட உள்ளே போனாள்.

“நித்தாய் தாதாவப் பார்த்துட்டு வந்தேன்” என்றேன்.

“பார்த்துட்டியா.”

“சொல்லுங்க.”

“நான்தான் செல்வி.” அவ்வளவு சுலபமாகச் சொன்னீர்கள். “மூத்தவன் ஞானஸ்நானத்துக்கு சாமான் வாங்க அண்ணன்கிட்ட வண்டி வாங்கிட்டுப் போனேன். மழ. வளைவுல தெரியல. நேரே அண்ணன்கிட்டதான் வந்தேன். அப்ப நான் டெய்லி வேஜஸ். பெர்மனன்ட் லிஸ்ட்ல பேரு வந்திருந்த நேரம். கேஸ் ஆனா பேர அடிச்சிருவாங்க. அண்ணன்தான், ‘நீ வீட்டுக்குப் போ, நான் பார்த்துக்கறேன், ஃபைன்தான் போடுவான்’ன்னாரு. கால் போகும்னு, வேல போகும்னு ரெண்டு பேரும் நெனைக்கல.”

“அவர் வேல போன பெறகாவது சொல்லியிருக்கலாமே.”

“அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு.”

“எங்கிட்டயுமா சொல்லக் கூடாது?”

“உங்கிட்டதான் சொல்லக் கூடாதுன்னாரு. ‘அவளுக்குப் பொய் ஆகாது. தெரிஞ்சா ஊரக் கூட்டிச் சொல்லிருவா. நீ பிள்ளகுட்டிக்காரன்’னாரு.”

“அவரு போயி மூணு வருஷம் ஆச்சு மாமா. சத்தியம் அவரோட போயிருக்கும். கொட்டகையில உக்காந்து அவரத் திட்டினேனே, அப்ப உங்களுக்கு வாய் வரலையா?”

நீங்கள் வெளியே பார்த்தீர்கள். “பயம்.”

“எதுக்கு? பென்ஷனுக்கா?”

“நீ என்னப் பார்க்காம இருந்துருவியேன்னு.”

அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உண்மையாக இருந்தால் அது இன்னும் மோசம். உங்களுடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்காக என் அப்பாவை எனக்குத் திருப்பித் தராமல் வைத்திருந்தீர்கள். நான் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். வருகிற ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் வெளியே நிற்கும்போது, அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். நித்தாய் தாதாவையும் வரவழைக்கிறேன் என்றேன்.

“சொல்றேன்” என்றீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். “ஞாயித்துக்கெழம சொல்றேன், செல்வி. என் பிள்ளைங்க மேல ஆணையா.”

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நித்தாய் தாதா வந்து இறங்கினார். சலவை வேட்டி கட்டி, முடியைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். நானும் அவரும் சர்ச் வாசலில் மரத்தடியில் நின்றோம். பூசை முடிந்தது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அத்தையைக் காணோம். உங்களைக் காணோம். கூட்டம் கலைய ஆரம்பித்தபோது உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். “உனக்குத் தெரியாதா? வெள்ளிக்கெழமையே போர்ட் பிளேருக்குப் போயிட்டாங்களே. நேத்துக் கப்பல். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு” என்றார்.

நித்தாய் தாதா என்னைப் பார்த்தார். நான் அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். அடுத்த பஸ் வரும்வரை என் தலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதைக் குற்றம் சொல்ல நான் அவ்வளவு கெட்டவள் இல்லை. திடீரென்று கூப்பிட்டிருப்பார்கள் என்று அன்றும் உங்களுக்காக ஒரு காரணம் தேடினேன். திங்கட்கிழமை கவுண்டரில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பட்டியல் கண்ணில் பட்டது. உங்கள் கப்பல் டிக்கெட் எங்கள் கவுண்டரிலேயே எடுக்கப்பட்டிருந்தது. நான் லீவில் இருந்த செவ்வாய்க்கிழமை. நீங்கள் என் கையைப் பிடித்து ஆணையிட்டது அதற்கு இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை. ஞாயிறு இங்கே இருக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டேதான் ஞாயிறு சொல்கிறேன் என்றீர்கள்.

முப்பது வருஷத்துக்கு முந்திய பயத்தை என்னால் ஒருவேளை புரிந்துகொள்ள முடியும். பிள்ளை பிறந்த வீடு, மழை, ரத்தம். ஆனால் அந்த வியாழக்கிழமையைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

மூன்று வாரத்தில் செய்தி வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஒரு போன்கூட எனக்கு வரவில்லை. அத்தை திரும்பி வந்த பிறகு, முப்பதாம் நாள் பூசை இங்கே நடந்தது. போகக்கூடாது என்றிருந்தவள், கால் கேட்காமல் போய்விட்டேன். பூசை முடிந்து வெளியே டீயும் பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெட்டியில் உங்களோடு வேலை பார்த்த ஒருவர், நான் பின்னால் நிற்பது தெரியாமல் சொன்னார். “அவர மாதிரி மனுஷன் உண்டா? அந்த அடிச்சிட்டு ஓடுனவரு மகளுக்கே வாராவாரம் போயி வண்டி செஞ்சு குடுத்தாரே.”

“அண்ணே” என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். டீயைக் கீழே வைத்தேன். “எங்க அப்பா யாரையும் அடிச்சிட்டு ஓடல. அன்னைக்கு வண்டி ஓட்டினது இவர். எங்க அப்பா இவருக்காக ஜெயிலுக்குப் போனார்.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். செத்தவர் மேலே பழி போடுகிறாயா என்றார் ஒருவர். இந்த இடத்திலா பேசுவது என்றார் இன்னொருவர். உங்கள் மூத்த மகன் என்னை நோக்கி வந்தான். அப்போதுதான் அத்தை எழுந்தாள். கறுப்புச் சேலை, கையில் ஜெபமாலை.

“அவ சொல்றது உண்மை” என்றாள். “அன்னைக்கு அந்த ரத்தச் சட்டையத் தொவச்சது நான்.”

என்னைப் பார்க்கவில்லை. மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்விட்டாள். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. நானும் போகவில்லை.

அப்பா என்னைச் சரியாகத்தான் தெரிந்துவைத்திருந்தார். தெரிந்ததும் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். என்னை அவ்வளவு தெரிந்த மனிதர், என் பக்கத்தில் ஏன் நிற்காமல் உங்கள் பக்கத்தில் நின்றார் என்பது எனக்கு ஆறவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றைப் பேசி முடித்தீர்கள். அதற்கான விலையை ஒரு பதினாறு வயதுப் பெண் கொடுப்பாள் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அவரிடம் கேட்க வேண்டியதும் உங்களிடம் கேட்க வேண்டியதும் இப்போது என்னிடமே இருக்கிறது.

சொன்ன பிறகு ஊரில் சிலர் மாறியிருக்கிறார்கள். பஜாரில் ஒரு கிழவர் நிறுத்தி, அப்பா கடைசிவரை நிறுவையில் ஒரு காய் கூடவே போடுவார் என்றார். கேட்டுக்கொண்டு நின்றேன். மாதம் ஒருமுறை நித்தாய் தாதா வீட்டுக்குப் போய்வருகிறேன். பாக்கு உரிக்கக் கற்றுக்கொடுக்கிறார். உங்களைப் பற்றி அவர் கெட்டதாக ஒன்றும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

வீட்டில் தனியாக இருக்கும்போது, அப்பா படுத்திருந்த அறையைப் பார்த்துக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். குரல் வர மறுக்கிறது. இத்தனை வருஷம் கூப்பிடாத வார்த்தை. யாரும் திரும்பிப் பார்க்காத அறையில் அதைச் சொல்வது வெட்கமாக இருக்கிறது.

உங்களை நான் மன்னிக்கவில்லை மாமா. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. அதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். ஒரு குற்றமும் செய்யாத மனிதரை முப்பது வருஷம் என்னால் சுலபமாக வெறுக்க முடிந்தது. எல்லாம் செய்த உங்களை, எல்லாம் தெரிந்த பிறகும், ஒரு நாள்கூட முழுசாக வெறுக்க முடியவில்லை.

செல்வி